ஷேஸ் கிளர்ச்சி: போர்க் கடனை யார் தலையில் கட்டுவது?

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து பெற்ற விடுதலையை 1783 செப்டம்பரில் பாரிஸ் உடன்படிக்கை உறுதி செய்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள்கூட முழுமையாக முடியவில்லை. 1786 ஆகஸ்ட் 29 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள நார்தாம்ப்டன் என்னும் ஊரில் ஏறத்தாழ 1,500 பேர் திரண்டு வந்து நீதிமன்றம் கூடவிடாமல் தடுத்தனர். வந்தவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். அவர்களுள் பலர் விடுதலைப் போரில் சண்டையிட்டு ஊர் திரும்பியவர்கள். அன்று தொடங்கி அடுத்த ஆண்டின் முற்பகுதி வரை நீடித்த இந்த எழுச்சியே வரலாற்றில் ஷேஸ் கிளர்ச்சி எனப்படுகிறது.

கடன்பட்ட உழவர்களின் கலகம் என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். உழவர் பட்ட கடனோடு அரசு பட்ட கடனும் இதில் கலந்திருக்கிறது. அந்த இரண்டாவது கடனைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தாங்கள் போரிட்டு உருவாக்கிய அரசுக்கு எதிராகவே இவர்கள் ஏன் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பது விளங்காது.

கடன் சங்கிலி

போர் முடிந்ததும் பிரிட்டன், தன் ஆளுகையில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதி அதுவரை மீன், மரம், கால்நடை ஆகியவற்றைப் பெருமளவில் விற்றுவந்தது அங்கேதான். வருமானம் வரும் வழி இப்படி அடைபட்ட நேரத்தில், பிரிட்டிஷ் துணியும் இரும்புச் சாமான்களும் கடனுக்கு வந்து பாஸ்டன் கிடங்குகளில் குவிந்தன. சில காலத்தில் லண்டன் நிறுவனங்கள் பாக்கியைக் கேட்டு நெருக்கின. காகிதப் பணம் வேண்டாம், தங்கமோ வெள்ளியோ வேண்டும் என்றன. பாஸ்டன் வணிகர்கள் உள்நாட்டுக் கடைக்காரர்களை நெருக்கினார்கள். கடைக்காரர்கள் உழவர்களை நெருக்கினார்கள்.

உழவருக்குப் பின்னால் நெருக்குவதற்கு ஆள் இல்லை. அவர் கையில் வெள்ளி நாணயம் பழகியதும் அரிது. மேற்கு மாசசூசெட்ஸ் ஊர்களில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்திலேயே நடந்தது. கடையில் வாங்கிய உப்புக்கும் வெல்லப்பாகுக்கும் ஈடாகத் தானியம் கொடுப்பார்கள், மாட்டைக் கொடுப்பார்கள், வண்டியோட்டியோ அறுவடைக்குப் போயோ உடல் உழைப்பால் கழிப்பார்கள். ஒரு கணக்கு பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும். அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. இப்போது அதே கணக்கை நாணயமாகத் தீர்க்கச் சொன்னபோது, நிலமும் மாடும் உடையவர்கூடக் கடனாளியாக நின்றார்.

அடுத்த படி வழக்கு. ஹாம்ப்ஷயர் வட்டத்தில் மட்டும் 1784 ஆகஸ்ட் முதல் 1786 ஆகஸ்ட் வரையிலான இரண்டு ஆண்டுகளில் கடன் வழக்குகள் ஏறத்தாழ 3,000. தீர்ப்பானால் மாடும் கருவிகளும் நிலமும் ஜப்தி செய்யப்பட்டு ஏலத்துக்கு வரும். வாங்குவோர் கையிலும் பணம் இல்லாததால் ஏலத்தில் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். கடனின் மேல் வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் ஏறும். அப்படியும் தீராவிட்டால் சிறை. போரில் கர்னலாக ஒரு படைப்பிரிவை நடத்திய டிமத்தி பிகலோ, வூஸ்டர் நகரின் கடனாளிச் சிறையில்தான் 1790இல் இறந்தார். கர்னலுக்கே இந்தக் கதி என்றால் சாதாரண வீரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீரர் விற்ற சீட்டு

அரசு பட்ட கடனின் கதை இதைவிடக் கசப்பானது.

போர்க்காலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. வந்த காகிதப் பணமும் மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்தது. கடைசியில், பின்னர் பணம் தருவோம் என்று உறுதி கூறும் கடன் சீட்டுகளைக் கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீரருக்கோ உடனடியாக விதை வேண்டும், வரி கட்ட வேண்டும், பழைய பாக்கி தீர்க்க வேண்டும். ஆகவே அந்தச் சீட்டை முகமதிப்பில் கால் பங்குக்கும் அதற்குக் குறைவாகவும் விற்றார். வாங்கியவர்கள், பொறுத்திருக்கப் பணம் உடையவர்கள்.

மற்ற பல மாநிலங்கள் தங்கள் கடன் சீட்டுகளின் சந்தை விலை வீழ்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அப்படிச் செய்யவில்லை. மதிப்பைப் பெரிதும் குறைக்காமல் திருப்பித் தருவது, அதுவரை வட்டியை வெள்ளியாகத் தருவது என முடிவெடுத்தது. இந்தக் கிளர்ச்சியை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லெனர்ட் ரிச்சர்ட்ஸ் கணக்குப்படி, மாநிலக் கடனில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாஸ்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்தவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கு வெறும் 35 பேரிடம் இருந்தது.

அந்த வட்டிக்கும் அசலுக்கும் பணம் வரியிலிருந்து வர வேண்டும். வரியில் பெரும் பங்கு நிலத்தின் மீதும் தலையின் மீதும் விதிக்கப்பட்டது. தலைவரி, பதினாறு வயதைத் தாண்டிய ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு. செல்வரான வணிகருக்கும் மூன்று மகன்களை வைத்து மலைச்சரிவில் உழுபவருக்கும் தலை ஒன்றுதானே! வளர்ந்த பிள்ளைகள் அதிகம் உள்ள உழவர் குடும்பத்துக்குச் சுமை அதிகமானது. ஆக, முன்னாள் வீரர் தம் உழைப்புக்குக் கிடைத்த சீட்டைக் கால் விலைக்கு விற்றார். பிறகு அதை வாங்கியவருக்கு ஏறக்குறைய முழு விலை கொடுப்பதற்காக அவரே வரியும் கட்டினார், அதுவும் வெள்ளியில். கிளர்ச்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பக்கத்தில் இருந்த ரோட் ஐலண்ட் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே 1786இல் கடனாளிகளின் தரப்பு தேர்தலில் வென்று, காகிதப் பணம் அச்சிட்டு, கடன் கொடுத்தவர்கள் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. பணம் விரைவிலேயே மதிப்பிழந்தது. கடன் கொடுத்தவர்கள் வயிறெரிந்தார்கள். அது நல்ல பொருளாதாரம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அங்கே நீதிமன்றத்தை முற்றுகையிட வேண்டிய நிலை உழவர்களுக்கு வரவில்லை.

விண்ணப்பம் முதல் முற்றுகை வரை

மேற்கு மாசசூசெட்ஸ் மக்கள் எடுத்த எடுப்பில் ஆயுதம் ஏந்தவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, விண்ணப்பம் எழுதி, ஆண்டுக்கணக்கில் பாஸ்டனுக்கு அனுப்பிவந்தார்கள். 1780இல் இயற்றப்பட்ட மாநில அரசியலமைப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. சட்டமன்ற மேலவையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை இடம் என்பது அந்த வட்டம் கட்டும் வரியைப் பொறுத்தது. வாக்களிக்கவும் பதவிக்கு வரவும் சொத்துத் தகுதி வேண்டும். தலைநகரமோ தொலைவில். கீழவைக்கு ஆள் அனுப்பும் செலவைத் தாங்க முடியாமல் சில ஊர்கள் யாரையும் அனுப்பாமலே இருந்தன.

1785இல் ஆளுநர் ஜான் ஹான்காக் கீல்வாதத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். வரி பாக்கியை வசூலிப்பதில் அவர் கண்டிப்புக் காட்டாதவர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் போடின் பெருஞ்செல்வர், கடனைத் தவணை தவறாமல் அடைப்பதில் உறுதியானவர். 1786 மார்ச்சில் புதிய வரி விதிக்கப்பட்டது. ஜூலையில் சட்டமன்றம் விண்ணப்பங்களுக்கு விடை சொல்லாமலே கலைந்து, அடுத்த ஆண்டுதான் கூடுவதாக இருந்தது. ஆகஸ்ட் 22 அன்று ஹாம்ப்ஷயர் வட்டத்தின் 50 ஊர்களின் பேராளர்கள் ஹாட்ஃபீல்டில் கூடிக் குறைகளைப் பட்டியலிட்டார்கள். மேலவை, நீதிமன்றக் கட்டணங்கள், வரி விதிக்கும் முறை, தலைநகரம் பாஸ்டனில் இருப்பது எல்லாம் அதில் இடம்பெற்றன. வன்முறை வேண்டாம் என்றும் அந்தக் கூட்டம் கேட்டுக்கொண்டது. அடுத்த வாரம் நார்தாம்ப்டன் முற்றுகை நடந்தது.

ஏன் நீதிமன்றம்? நீதிபதி அமராவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் ஜப்தியும் இல்லை, சிறையும் இல்லை. கடனை ரத்து செய்ய உழவரால் முடியாது, ஆனால் வசூலை நிறுத்திவைக்க முடியும். இந்த வழியை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவுமில்லை. 1774இல் இதே மேற்கு மாசசூசெட்ஸில், கிரேட் பாரிங்டன், ஸ்பிரிங்ஃபீல்ட், வூஸ்டர் ஆகிய இடங்களில், மக்கள் திரண்டு பிரிட்டிஷ் மன்னரின் நீதிமன்றங்களை மூடியிருந்தார்கள். அது நாட்டுப்பற்று என்று போற்றப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே செயல், அதே ஊர்களில், ராஜத்துரோகம் ஆயிற்று.

மாற்றத்துக்கு மிகத் தெளிவான உருவம் சாமுவேல் ஆடம்ஸ். பிரிட்டனுக்கு எதிராகப் பாஸ்டன் மக்களைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் அவர். இப்போது கலகத் தடைச் சட்டத்தை வரைய உதவினார். மன்னராட்சியில் கலகம் செய்தவனை மன்னிக்கலாம், குடியரசின் சட்டத்தை எதிர்த்து எழுபவன் சாகத்தான் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதில் ஒரு தருக்கம் இருக்கிறது. வாக்குப் பெட்டி இருக்கும்போது துப்பாக்கி எதற்கு என்ற கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் சொத்துத் தகுதியும் வரி அளவில் பங்கிட்ட மேலவையும் இருந்த இடத்தில், வாக்குப் பெட்டி எல்லாருக்கும் ஒரே தொலைவில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

செப்டம்பரில் வூஸ்டரில் நடந்தது இதைக் காட்டுகிறது. அங்கே நீதிபதியாக வந்தவர் ஆர்ட்டெமாஸ் வார்ட். 1775இல் பாஸ்டன் முற்றுகையின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். நீதிமன்ற வாசலில் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டி அவரை மறித்தவர்கள், அவரைப் போலவே அந்தப் போருக்குப் போனவர்கள். கூட்டத்தைக் கலைக்க மிலிஷியா எனப்பட்ட குடிப்படையைக் கூப்பிட்டபோது, குடிப்படை வரவில்லை. தொடர்ந்து கான்கார்டு, டான்டன், கிரேட் பாரிங்டன் ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்களுக்கு இதே கதி.

கேப்டன் ஷேஸ்

கிளர்ச்சிக்காரர்கள் தங்களை ஒழுங்குபடுத்துவோர் என்று அழைத்துக்கொண்டார்கள். ஷேஸ் கிளர்ச்சி என்பது எதிர்த்தரப்பு சூட்டிய பெயர். பல ஊர்களில் பல தலைவர்கள் தனித்தனியே ஆள் திரட்டிய ஓர் இயக்கத்தை ஒருவருடைய சதியாகக் காட்ட அது வசதியாக இருந்தது. வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் லூக் டே, குராட்டனில் ஜாப் ஷாட்டக், வூஸ்டர் வட்டத்தில் ஆடம் வீலர், பெர்க்‌ஷயரில் ஈலை பார்சன்ஸ் ஆகியோர் அப்படிப்பட்ட தலைவர்கள். மோசஸ் சாஷ் என்ற கறுப்பின முன்னாள் வீரரும் கிளர்ச்சிப் படையில் கேப்டனாக இருந்து, பின்னர் குற்றம் சாட்டப்பட்டார்.

டேனியல் ஷேஸ் பெல்ஹாம் ஊரின் உழவர். பங்கர் ஹில், சரட்டோகா போர்களில் சண்டையிட்டு, கேப்டனாக உயர்ந்து, 1780இல் படையிலிருந்து விலகியவர். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்த வாளைக் கடனுக்காகச் சில டாலர்களுக்கு விற்றுவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. எதிரிகள் அதை அவமரியாதை என்றார்கள். அவர் முன்வரிசைக்கு வந்தது செப்டம்பர் 26 அன்று, ஸ்பிரிங்ஃபீல்டில் மாநில உச்ச நீதிமன்றத்தைத் தடுத்தபோது. கிளர்ச்சித் தலைவர்கள் மீது வழக்குத் தொடர இருந்தது அந்த நீதிமன்றம்தான்.

அரசு இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒருபுறம், கலகத் தடைச் சட்டம், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிவிடும் சட்டம் ஆகியவை நிறைவேறின. மறுபுறம், சில பழைய வரிகளைப் பண்டமாகச் செலுத்த இசைவும், விசுவாச உறுதிமொழி எடுப்போருக்கு மன்னிப்பும் அறிவிக்கப்பட்டன. நவம்பரில் சட்டமன்றம் மக்களுக்கு ஒரு நீண்ட விளக்க உரையும் வெளியிட்டது. மக்களின் ஆடம்பரமும் வெளிநாட்டுப் பொருள் மோகமும் துன்பத்துக்குக் காரணம் என்று அதில் கண்டிக்கப்பட்டது. மாட்டை ஏலத்தில் இழந்தவர் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

நவம்பர் இறுதியில் ஜாப் ஷாட்டக் வாள்வெட்டுக் காயத்தோடு பிடிபட்டார். அதன் பிறகு சமரசத்துக்கு இடம் குறைந்தது.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கு

குடிப்படையை நம்ப முடியாது, கருவூலத்தில் பணமும் இல்லை. நடுவண் அரசு என்று பெயருக்கு இருந்த காங்கிரஸ் 1,340 வீரர்களைத் திரட்ட ஒப்புக்கொண்டது. தொல்குடியினரோடு போர் மூளலாம் என்பதையே அதற்கு வெளிக் காரணமாகச் சொன்னது. ஆனால் வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மாநிலங்கள் பணம் தரவில்லை. எனவே போடின் பாஸ்டன் செல்வர்களிடம் போனார். நூற்றுக்கு மேற்பட்ட வணிகர்கள் 6,000 பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். அதைக் கொண்டு ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் தலைமையில் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட படை 1787 ஜனவரியில் புறப்பட்டது. கடன் கொடுத்தவர்களே செலவழித்து அமைத்த படை அது.

லிங்கன் வந்து சேருமுன் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த நடுவண் அரசின் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கக் கிளர்ச்சிக்காரர்கள் திட்டமிட்டார்கள். அங்கே சுமார் 7,000 துப்பாக்கிகள் இருந்தன. ஷேஸ், டே, பார்சன்ஸ் ஆகிய மூவரும் ஜனவரி 25 அன்று மூன்று திசைகளிலிருந்து வர வேண்டும். கடைசி நேரத்தில், ஒரு நாள் தள்ளிவைக்கலாம் என்று டே கடிதம் அனுப்பினார். அது ஷேஸுக்குப் போய்ச் சேரவில்லை. கிடங்கைக் காத்த ஜெனரல் வில்லியம் ஷெப்பர்டின் ஆட்கள் கையில் சிக்கியது. டே வருவார் என்று நம்பி, மாலை நான்கு மணி அளவில் ஷேஸின் ஆட்கள் பனியில் வரிசையாக முன்னேறினார்கள். அவர்கள் தொப்பியில் செருகியிருந்தது ஹெம்லாக் மரத்தின் சிறு கொப்பு. ஷெப்பர்ட் முதலில் தலைக்கு மேலே சுடச் சொன்னார். அவர்கள் நிற்கவில்லை. பிறகு சிறு குண்டுகள் நிரப்பிய பீரங்கி நேராக வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள், ஏறத்தாழ இருபது பேர் காயமடைந்தார்கள். கொலை, கொலை என்று கத்தியபடி மற்றவர்கள் சிதறினார்கள். இரு தரப்பிலும் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. பழைய தோழர்கள் தங்களைச் சுடமாட்டார்கள் என்று அவர்கள் கடைசிவரை நம்பியதாகவே தோன்றுகிறது.

பிப்ரவரி 3 இரவு ஹாட்லியிலிருந்து புறப்பட்ட லிங்கனின் படை, பனிப்புயலில் சுமார் 30 மைல் நடந்து, மறுநாள் காலை பீட்டர்ஷாமில் தங்கியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தது. 150 பேர் பிடிபட்டார்கள். ஷேஸ் தப்பி, அப்போது ஐக்கிய நாடுகளில் சேராமல் தனிக் குடியரசாக இருந்த வெர்மான்ட்டுக்குப் போனார். பிப்ரவரி 27 அன்று ஷெஃபீல்டில் நடந்த மோதலோடு ஆயுத எழுச்சி ஓய்ந்தது.

வாக்குச் சீட்டு செய்தது

கிளர்ச்சியில் சேர்ந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு மன்னிப்புப் பெற்றவர்கள் சுமார் 4,000 பேர். கிளர்ச்சிக்காரர்கள் வாக்களிக்கவும், பதவி வகிக்கவும், பள்ளி ஆசிரியராகவோ விடுதிக்காரராகவோ இருக்கவும் தடை விதிக்கப்பட்டது. 18 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முடிவில் தூக்கிலிடப்பட்டவர்கள் ஜான் பிளை, சார்லஸ் ரோஸ் என்ற இருவர் மட்டுமே. மற்றவர்கள் மன்னிக்கப்பட்டார்கள் அல்லது தண்டனைக் குறைப்புப் பெற்றார்கள்.

அந்த இரக்கத்துக்குக் காரணம் தேர்தல். 1787 வசந்த காலத்தில் ஹான்காக் பெரும் வாக்கு வேறுபாட்டில் போடினைத் தோற்கடித்தார். சட்டமன்றத்திலும் பழைய முகங்கள் பெரும்பாலும் போயின. நேரடி வரி வெகுவாகக் குறைந்தது. கடன் வசூலுக்கும் தளர்வு கிடைத்தது. துப்பாக்கி தோற்ற ஆண்டிலேயே விண்ணப்பங்களில் கேட்டவற்றில் கணிசமான பகுதி நிறைவேறிவிட்டது.

நாடு முழுவதிலும் இதன் எதிரொலி வேறு மாதிரி இருந்தது. போர்த்துறைச் செயலாளர் ஹென்றி நாக்ஸ், கிளர்ச்சிக்காரர்கள் எல்லாச் சொத்தையும் பொதுவாக்க முனைகிறார்கள் என்ற தொனியில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். அது பெரும் மிகை. விண்ணப்பங்களில் அப்படி ஒரு கோரிக்கையே இல்லை. ஆனால் வாஷிங்டன் கலங்கிப்போனார். 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டுக்கு அவர் ஓய்வை விட்டு வந்ததில் இந்தக் கலக்கத்துக்குப் பங்கு உண்டு. மாநாடு ஏற்கெனவே பேசப்பட்டுவந்த ஒன்று என்பதால், ஷேஸால்தான் அரசியலமைப்பு பிறந்தது என்பது மிகைக் கூற்று. எனினும் அதன் சில பிரிவுகளில் அந்தக் குளிர்காலத்தின் தடம் இருக்கிறது: கிளர்ச்சியை அடக்கக் குடிப்படையை அழைக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு வந்தது. மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடுவதும், ஒப்பந்தக் கடமைகளைக் குலைக்கும் சட்டம் இயற்றுவதும் தடை செய்யப்பட்டன. பாரிசில் தூதராக இருந்த ஜெஃபர்சன் மட்டும், அவ்வப்போது சிறு கிளர்ச்சி நடப்பது நல்லதே என்று அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் இருந்த தொலைவு அப்படி!

புதிய அரசியலமைப்பை மாசசூசெட்ஸ் 1788 பிப்ரவரியில் 187க்கு 168 என்ற குறுகிய வேறுபாட்டில் ஏற்றது. 1790இல் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி மாநிலங்களின் போர்க் கடன்களை நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ் உழவரின் தோளிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. அதை அடைக்க உதவும் என்று 1791இல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். இம்முறை மேற்குப் பென்சில்வேனியாவில், தானியத்தை விஸ்கியாக வடித்து விற்றுப் பிழைத்த, கையில் நாணயம் இல்லாத உழவர்கள் எழுந்தார்கள். 1794இல் அவர்களை அடக்கப் புறப்பட்டது ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படை. அதற்குச் சம்பளம் கொடுக்க இப்போது நடுவண் அரசிடம் பணம் இருந்தது.

ஷேஸ் 1788இல் மன்னிக்கப்பட்டார். பெல்ஹாமில் அவர் நிலைத்திருக்கவில்லை. நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, முதுமையில் விடுதலைப் போர் வீரருக்குரிய ஓய்வூதியம் பெற்று, 1825இல் ஸ்பார்ட்டா என்னும் ஊரில் ஏழையாகவே இறந்தார்.